பழைய கோயிலுக்குப் பக்கத்தில் பார்வையாளர் மையம் கட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். பினாங்கின் ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கத்தோலிக்கக் கோயில். வாசலில் சுற்றுலா பஸ் வந்து நிற்கிறது. நாற்பது பேர் நனைந்த குடையும் கேமராவுமாக உள்ளே நுழைகிறார்கள். ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்கிறார், இன்னொருவர் பீடத்துக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கிறார். மூன்றாவது பெஞ்சில் முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பாட்டி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மாலையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போகிறார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

பினாங்கில் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். பார்வையாளர் மையம் வேண்டும் என்று பங்குப் பேரவைகள் (கோயில் நிர்வாகக் குழுக்கள்) கூப்பிடும்போது, முதலில் இந்தப் பாட்டியைப் பற்றித்தான் சொல்வேன். மையத்தின் முதல் வேலை, கோயிலின் சுமையை வாங்கிக்கொள்வது. கழிப்பறை, ஏர்கோன், டிக்கெட், கண்காட்சிப் பலகை, நினைவுப்பொருள் கடை, நாற்பது பிள்ளைகளின் சத்தம், ஈரக் குடை, இவை எல்லாம் கோயிலுக்கு வெளியே ஒரு கூரையின் கீழே போய்விட்டால், கோயில் கோயிலாகவே இருக்கும். கீழே வரும் ஒவ்வொரு படியையும் இந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான் சொல்கிறேன்.

படி 1: வரைபடத்துக்கு முன்னால், உட்கார்ந்து பாருங்கள்

ஒரு வாரம் போதாது. ஆனால் ஒரு வாரமாவது வேண்டும். விடிவதற்கு முன் போய் ஒரு பெஞ்சில் உட்காருங்கள். கையில் கோயில் வளாகத்தின் படம் ஒன்று, நான்கு வண்ணப் பென்சில். யார் எந்த வாசலால் வருகிறார்கள், எங்கே செருப்பைக் கழற்றுகிறார்கள், எங்கே நிழலுக்கு ஒதுங்குகிறார்கள், மோட்டார் சைக்கிளை எங்கே நிறுத்துகிறார்கள், இதையெல்லாம் கோடாகப் போடுங்கள். ஜெபிக்க வருபவர்களுக்கு ஒரு நிறம், சுற்றுலாப் பயணிகளுக்கு ஒரு நிறம், மாணவர்களுக்கு ஒன்று, பூ வைக்க, கூட்ட, மணி அடிக்க வருபவர்களுக்கு ஒன்று. இந்தக் கோடுகள் எங்கே முட்டிக்கொள்கின்றனவோ, அங்கேதான் மையம் ஏதாவது செய்ய வேண்டியிருக்கிறது.

அப்புறம் நாட்காட்டி. சாதாரண நாளுக்காக மட்டும் திட்டமிட்டால் திருவிழாவில் மாட்டிக்கொள்வோம். கொடியேற்றம், நவநாள், தேர்ப்பவனி, பெரிய வெள்ளி, நவம்பர் 2 கல்லறைத் திருநாள், கல்யாணம், அடக்கப் பூசை எல்லாவற்றையும் எழுதுங்கள். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத்துக்கு ஜூலை 26 திருநாளை ஒட்டிப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே கூட்டம் என்றால் என்ன பொருள் என்று. உங்கள் கோயிலுக்கு அதில் நூறில் ஒரு பங்கு வந்தாலும் தேர் திரும்ப இடம் வேண்டும். தேர் போகும் பாதையில் ஒரு தூணை வைத்துவிட்டால், அதைத் திருவிழாவுக்குத் திருவிழா ஊரே திட்டும்.

பேசுவதும் இந்தப் படியில்தான். பங்குத் தந்தை, உபதேசியார், பாடகர் குழு, தோட்டக்காரர், பக்கத்துக் கடைக்காரர். ஒரு முறை கோயில் மாதாவின் கெபிக்கு முன்னால் நின்று அளவெடுத்துக்கொண்டிருந்தபோது வயதான அம்மா ஒருவர் வந்து கேட்டார்: "தம்பி, என்னமோ கட்டப் போறீங்களாமே. பூசை முடிஞ்சு எங்க வீட்டுக்காரர் கார் கொண்டாற வரைக்கும் நான் நிக்கிற இடம் இதுதான். இந்த மர நிழல் இருக்குமில்ல?"

அந்தக் கேள்வியை அப்படியே படத்தின் ஓரத்தில் எழுதி வைத்தேன். அந்த மரம் இன்னும் இருக்கிறது, அதன் கீழே இப்போது ஒரு நீளப் பெஞ்சும் இருக்கிறது.

படி 2: தண்ணீர் எங்கே போகிறது?

இதைத்தான் நான் மிக நீளமாகச் சொல்வேன், ஏனென்றால் பினாங்கில் பழைய கட்டடங்களைக் கெடுப்பது முதலில் தண்ணீர், இரண்டாவது சிமெண்ட்.

பழைய கோயில்களின் சுவர் செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும். நிலத்தின் ஈரத்தை அது கொஞ்சம் உறிஞ்சும், வெயிலிலும் காற்றிலும் வெளியே விட்டுவிடும். சுவர் மூச்சு விடுகிறது என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். அதன்மேல் சிமெண்ட் பூசினாலோ, பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தாலோ, ஈரம் வெளியே வர வழியில்லாமல் மேலே ஏறும். உள்ளே உப்பு படிகமாகி, பூச்சுக்குப் பின்னால் செங்கல் மாவாகும். வெளியிலிருந்து பார்த்தால் சுவர் நன்றாகவே இருக்கும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், பொக்கென்று சத்தம் வரும். ஓர் இடத்தில் பூச்சைக் கொஞ்சம் பெயர்த்து விரலால் தொட்டேன். நூறு வருடத்துக்கும் மேற்பட்ட செங்கல், சுட்ட செங்கல், விபூதி மாதிரி விரலோடு வந்தது.

தரையும் அப்படித்தான். நான் வேலைக்குப் புதிதாக வந்த காலத்தில், ஒரு கோயிலைச் சுற்றிக் கார் நிறுத்துவதற்காகச் சிமெண்ட் தளம் போட்டார்கள். நானும் அந்தக் குழுவில் இருந்தேன். தளம் சுத்தமாக, அழகாகத்தான் இருந்தது. அதுவரை மண் வழியாக ஆவியாகிக்கொண்டிருந்த ஈரத்துக்கு இப்போது சுவரைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு மழைக்காலத்துக்குள், முழங்கால் உயரத்தில் இருந்த ஈரக்கறை இடுப்புக்கு ஏறிவிட்டது. தளத்தை உடைத்து எடுத்தோம். சுவர் காய ரொம்ப நாளானது.

ஆகவே இந்தப் படியில் செய்ய வேண்டியவை: பெருமழை பெய்யும் நாளில் போய், கூரையிலிருந்து தண்ணீர் எங்கே விழுகிறது, எந்த லோங்காங் (மழைநீர் வடிகால்) நிரம்பி வழிகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை அதிகம், அந்த நேரத்தை விடாதீர்கள். சுவரை ஒட்டிய நிலம் கோயிலின் உள்தரையைவிடத் தாழ்வாக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். வருடா வருடம் மண் கொட்டி, தார் போட்டு, பல இடங்களில் வெளிநிலம் உயர்ந்திருக்கும். புதிய மையத்தின் கூரைத் தண்ணீரில் ஒரு சொட்டுகூடக் கோயில் பக்கம் போகக்கூடாது. கோயில் சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்காவது சரளைக்கல் போட்டுத் திறந்து விடுங்கள்.

மண்ணுக்குக் கீழேயும் பார்க்க வேண்டும். பழைய கோயில் நிலத்தில் கல்லறைகள் இருந்திருக்கலாம், கல் போயிருந்தாலும் மனிதர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அடக்கப் பதிவேட்டையும், 1890களில் ஜார்ஜ்டவுனை அளந்து வரைந்த கெல்லி வரைபடங்களையும் இன்றைய படத்தோடு வைத்து ஒப்பிடுங்கள். அடித்தளம் வரும் இடங்களில் இயந்திரம் வைக்காமல், கையால் தோண்டிச் சோதனைக் குழி போடுங்கள். பெரிய மரம் இருந்தால், அதன் கிளை விரியும் எல்லைக்குள் தோண்டவே வேண்டாம்.

படி 3: எங்கே வைப்பது, எவ்வளவு உயரம்

புதிதாகக் கட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி: வளாகத்தில் ஏற்கெனவே ஒரு கட்டடம் சும்மா கிடக்கிறதா? பழைய பங்குமனை, மூடிய பள்ளி வகுப்பறை, கார் கொட்டகை. இருந்தால் அதைச் சரிசெய்து பயன்படுத்துவதுதான் சிறந்த வடிவமைப்பு. பாதி இடங்களில் விடை இதுவாகவே இருக்கும், ஆனால் புதுக் கட்டடத்துக்கு இருக்கும் கவர்ச்சியில் அதை யாரும் கேட்பதில்லை.

புதிதாகத்தான் கட்ட வேண்டும் என்றால், முகப்புப் பக்கம் வேண்டாம். சாலையிலிருந்து கோயிலைப் பார்க்கும் பார்வையை எதுவும் மறைக்கக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோ, ஆனால் சாலையிலிருந்து வருபவர் கோயிலுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே மையத்தைக் கண்டுகொள்ளும்படி. இது முரணாகத் தெரியும். விடை பெரும்பாலும் மதில் கதவில் இருக்கிறது: மையத்துக்குத் தனி வாசல் வைத்துவிட்டால், பஸ் அங்கே நிற்கும், பூசைக்கு வருபவர்கள் பழைய வாசலையே பயன்படுத்துவார்கள்.

உயரத்துக்குச் சட்டம் உண்டு. ஜார்ஜ்டவுன் 2008 ஜூலை 7 அன்று மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏறியது. மையப் பகுதியும் அதைச் சூழ்ந்த இடைப் பகுதியுமாக மொத்தம் 259.42 ஹெக்டர். இந்த எல்லைக்குள் 18 மீட்டர் என்பது உச்ச வரம்பு. பட்டியலில் ஏறிய கையோடு, அந்த உயரத்தைத் தாண்டிய ஹோட்டல் திட்டங்களால் பெரிய சர்ச்சை எழுந்தது பலருக்கு நினைவிருக்கும். ஆனால் கோயிலுக்குப் பக்கத்தில் 18 மீட்டர் என்பது பேச்சுக்கே வரக்கூடாது. என் விதி எளிது: மையத்தின் கூரை முகடு கோயிலின் இறவாணத்துக்கு (சுவருக்கு வெளியே நீளும் கூரை ஓரத்துக்கு) கீழே இருக்க வேண்டும். அதிகம் போனால் ஒரு மாடி, முடிந்தால் தரைத்தளம் மட்டும்.

இதைக் கணினிப் படத்தில் காட்டினால் யாருக்கும் புரியாது. நான்கு மூங்கில் கழிகளை உத்தேச உயரத்துக்கு நட்டு, மேலே கயிறு கட்டுங்கள். கயிற்றில் வெள்ளைத் துணித் துண்டுகளைத் தொங்கவிடுங்கள். ஒரு ஞாயிறு முழுக்க அப்படியே இருக்கட்டும். சாலையில் நின்று, பீடத்தருகே நின்று, கல்லறைப் பக்கம் நின்று எல்லோரும் பார்க்கட்டும். இந்த முறையில் ஒரு மையத்தைப் பத்தடி பின்னுக்குத் தள்ளியிருக்கிறோம். காகிதத்தில் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

படி 4: என்னென்ன அறைகள்

எண்ணிக்கை பஸ்ஸிலிருந்து தொடங்கட்டும். ஒரு பள்ளி பஸ் என்றால் ஏறத்தாழ 40 பிள்ளைகள். பாயில் உட்கார்ந்து எழுதவும் எதையாவது செய்து பார்க்கவும் ஒரு பிள்ளைக்கு 1.8 சதுர மீட்டர் வைத்தால், கல்வி அறை 72 சதுர மீட்டர். அதோடு பொருள் வைக்க ஓர் அறை. இந்த அறைக்கு நல்ல கதவும், கோயிலுக்கு எதிர்ப்பக்கம் பார்த்த சன்னலும் வையுங்கள், பிள்ளைகள் சத்தம் போடாமல் கற்க மாட்டார்கள், போடவும் வேண்டும்.

கழிப்பறைதான் கோயிலின் மிகப்பெரிய சுமையை வாங்கிக்கொள்ளும் அறை. இரண்டு பஸ் ஒரே நேரத்தில் வரும் என்று வைத்துக்கொண்டு, பெண்களுக்கு ஆறு, ஆண்களுக்கு இரண்டும் மூன்று சிறுநீர்த்தொட்டியும், சக்கரநாற்காலி திரும்பக்கூடிய ஒன்று தனியாக. கழிவுநீர்க் குழாய் கோயில் சுவருக்கு அருகே போகக் கூடாது. திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் வருபவர்களும் இதையே பயன்படுத்துவார்கள், ஆகவே மையம் பூட்டியிருக்கும்போதும் வெளியிலிருந்து திறக்கும்படி வையுங்கள்.

அடுத்து நிழல். மையத்தின் முன்னால் அகலமான ஒரு தாழ்வாரம், நம் ஊர்க் கடைவீதியில் கடைகளுக்கு முன்னால் ஓடும் கூரையிட்ட நடைபாதையான அஞ்சடி மாதிரி. ஈரக் குடையைத் தொங்கவிட, தண்ணீர் குடிக்க, வழிகாட்டி முதல் ஐந்து நிமிடம் பேச, எல்லாம் இங்கேதான். கோயிலுக்குள் எப்படி நடந்துகொள்வது, தொப்பி, போன், படம் எடுப்பது எல்லாவற்றையும் இங்கே சொல்லி முடித்துவிட்டால், உள்ளே அறிவிப்புப் பலகையே வேண்டியதில்லை. நான் அதிகம் பணம் செலவழிக்கச் சொல்லும் இடம் இந்தத் தாழ்வாரம்தான்.

சக்கரநாற்காலிச் சரிவுக்கு 1:12 என்ற விகிதம் போதும், ஆனால் கணக்கை முன்கூட்டியே போடுங்கள். தரை 450 மில்லிமீட்டர் உயர்ந்தால் சரிவு மட்டும் 5.4 மீட்டர் நீளம், மேலும் கீழும் நிற்கும் இடம் தனி. தரையைத் தாழ்வாக வைத்தால் சரிவும் சுருங்கும், ஆனால் வெள்ளம் வரும் பகுதியென்றால் தாழ்த்த முடியாது. கோயிலுக்கும் ஒரு சரிவு தேவைப்படும். அதைப் பழைய படிக்கட்டை உடைத்துப் போடாமல், பக்கவாசலில், கழற்றி எடுக்கக்கூடியதாக வையுங்கள்.

கடை சின்னதாக இருந்தால் போதும். ஆவண அறை பற்றி அடுத்த படியில்.

படி 5: கூரை, காற்று, ஏர்கோன்

ஃபார்குவார் சாலையில் இருக்கும் புனித ஜார்ஜ் ஆலயம் இந்தப் பாடத்தை 150 வருடங்களுக்கு முன்பே நமக்கு நடத்திவிட்டது. 1818இல் கட்டி முடித்து 1819இல் அர்ச்சிக்கப்பட்ட ஆங்கிலிக்கன் ஆலயம். வடிவமைத்தவர் கேப்டன் ராபர்ட் ஸ்மித் என்ற இராணுவப் பொறியாளர். முதலில் அதற்கு மெட்ராஸ் பாணியில் தட்டையான மொட்டைமாடிக் கூரை. சென்னை வெயிலுக்குப் பொருந்திய கூரை பினாங்கு மழைக்குத் தாங்கவில்லை, 1864இல் அதைச் சரிவுக் கூரையாக மாற்றினார்கள். இப்போது நாம் பார்க்கும் கூரை அந்த மாற்றத்தின் பலன்.

ஆகவே தட்டைக் கூரை வேண்டாம். நல்ல சரிவு, நான்கு பக்கமும் நான்கடிக்குக் குறையாத இறவாணம். நாம் நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகை வடக்கே இருக்கிறோம், வருடத்தில் ஏறத்தாழப் பாதி சூரியன் வடக்கிலிருந்தும் மீதி தெற்கிலிருந்தும் அடிக்கும், எனவே எந்தப் பக்கத்தையும் விட்டுவிட முடியாது. இரண்டு கூரைக்கு நடுவில் மறைவாக ஓடும் பெட்டிக் கால்வாய் வைக்காதீர்கள். இலை அடைத்தால் தண்ணீர் உள்ளேதான் வரும், கோயில் வளாகத்தில் இலைக்குப் பஞ்சமில்லை.

கல்வி அறையும் தாழ்வாரமும் காற்றோட்டத்திலும் மின்விசிறியிலும் நன்றாகவே இயங்கும். ஏர்கோன் வேண்டியது ஆவண அறைக்கு மட்டும். அங்கே போட்டால் இரவும் பகலும் போட வேண்டும். பகலில் ஓடவிட்டு மாலையில் அணைத்தால், குளிர்ந்த காகிதத்தின்மேல் ஈரக் காற்று படிந்து, பதிவேடு தினமும் வியர்க்கும். அதைவிட ஏர்கோனே இல்லாமல் காற்றோட்டத்தில் வைப்பது மேல். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும் ஆபத்து, ஐம்பதையொட்டி ஏற்ற இறக்கம் இல்லாமல் இருப்பது நல்லது. மாதாமாதம் மின்கட்டணம் கட்ட முடியுமா என்று பங்குப் பேரவையிடம் நேராகக் கேளுங்கள். முடியாது என்றால், மூலப் பதிவேடுகள் மறைமாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போகட்டும், மையத்தில் நல்ல நகல் ஒன்றை வைக்கலாம். அதில் குறைவொன்றும் இல்லை.

படி 6: புதியது புதியதாகத் தெரியட்டும்

கோயிலின் வளைவையும் தூணையும் அளவெடுத்து மையத்திலும் போட வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். அன்பினால்தான் கேட்கிறார்கள். ஆனால் பத்து வருடம் கழித்து வரும் பிள்ளைக்கு எது 1860இல் கட்டியது, எது நேற்றுக் கட்டியது என்று தெரியாமல் போனால், நாம் அதனிடம் பொய் சொல்லிவிட்டோம். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனமும், பழைய கட்டடத்தோடு சேரும் புதிய வேலை தன் காலத்தின் அடையாளத்தோடு இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. நிறத்தில், அளவில், கூரைச் சரிவில் ஒத்துப்போங்கள். அலங்காரத்தில் போட்டி போடாதீர்கள்.

மையத்தையும் கோயிலையும் இணைக்கும் நடைபாதைக் கூரை கோயில் சுவரைத் தொடக்கூடாது. தனிக் கால்களில் நிற்கட்டும், சுவருக்கும் அதற்கும் நடுவில் ஓர் ஆள் ஏணி வைத்து வேலை செய்யும் இடைவெளி இருக்கட்டும். பழைய சுவரில் ஒரு போல்ட்கூட அடிக்க வேண்டாம்.

படி 7: பிள்ளைகளுக்கு என்ன சொல்லித்தரப் போகிறோம்

கட்டடம் கட்டுவதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும், ஏனென்றால் சொல்லப்போகும் கதைதான் அறையின் அளவைத் தீர்மானிக்கும். ஆனால் பெரும்பாலும் திறப்பு விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் இது நினைவுக்கு வருகிறது, அவசரத்தில் ஆளுநர்கள், ஆயர்கள் பெயர்ப்பட்டியல் சுவரில் ஏறிவிடுகிறது.

நான் தொடங்குவது செங்கலைத் தூக்கியவர்களிடமிருந்து. புனித ஜார்ஜ் ஆலயத்தைக் கட்டியது கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிக் கொண்டுவந்த கைதிகளின் உழைப்பு. பழைய ஆங்கிலக் கணக்குகளில் 'சுனாம்' என்று வரும் சொல் நம் சுண்ணாம்பு தான். அந்த ஒரு சொல்லை வைத்தே ஒரு வகுப்பு நடத்தலாம்: சுண்ணாம்பை எரிப்பது, நீர்விட்டு நீற்றுவது, ஊறவைப்பது, அரைப்பது. நீற்றும் வேலையைப் பிள்ளைகள் முன் செய்யாதீர்கள், அது கொதிக்கும், கண்ணுக்கு ஆபத்து. நன்றாக ஊறிய சுண்ணாம்புக் களியை மணலோடு கலந்து வைத்து, கையுறையும் கண்ணாடியும் கொடுத்து, இரண்டு செங்கலை ஒட்ட வைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் சிமெண்டால் ஒட்டிய இரண்டு செங்கல் இருக்கட்டும். இரண்டின்மேலும் தண்ணீர் தெளித்து, எது சீக்கிரம் காய்கிறது என்று அவர்களே பார்க்கட்டும். படி 2இல் நான் பத்தி பத்தியாகச் சொன்னதைப் பதினோரு வயதுப் பிள்ளை அரை மணி நேரத்தில் புரிந்துகொள்ளும்.

இன்னொன்று பதிவேடு. ஒரு பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை மேசைமேல் விரித்துப் பாருங்கள். பக்கம் தேநீர் நிறம். மை சில இடங்களில் காகிதத்தையே அரித்து, எழுத்து இருந்த வடிவில் ஓட்டை விழுந்திருக்கும். நம் பழைய பங்குகளில் பலவற்றைக் கவனித்தவர்கள் பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்பு சபையின் பிரெஞ்சுக் குருக்கள். தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு, தங்கள் மொழி வழக்கப்படி எழுதுவார்கள். பார்த்ததும் விளங்காது. பக்கத்தின் பெரிய நகல் ஒன்றைச் சுவரில் மாட்டி, பிள்ளைகளைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் முறை, மூன்றாம் முறை வாசிக்கும்போது எங்கோ ஒரு பிள்ளை "டீச்சர், இது சவரிமுத்து!" என்று கத்தும். அப்புறம் அந்தோணியம்மாள் வருவார், மரியதாஸ் வருவார். நூறு வருடத்துக்கு முன் இதே நிலத்தில் நின்றவர்கள், நம்மைப் போலவே பெயர் வைத்துக்கொண்டவர்கள். மையம் கட்டுவதற்கு எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

பதிவேட்டைக் காட்டும்போது சில ஒழுங்குகள் உண்டு. மூலத்தின் மேல் விழும் ஒளி 50 லக்ஸுக்கு மேல் வேண்டாம். உயிரோடிருப்பவர்களின், அவர்கள் பெற்றோரின் விவரம் இருக்கும் பக்கங்களைக் காட்ட வேண்டாம், பிறப்பு விவரம் குடும்பத்தின் சொந்த விஷயம்.

மொழி: மலாய், ஆங்கிலம், தமிழ், சீனம். நான்கும் ஒரே பலகையில் நெருக்கிப் போட்டால் ஒன்றும் படிக்க முடியாது. தமிழ்ப் பலகையை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்காமல், தமிழ் ஆசிரியர் ஒருவரை வைத்துத் தனியாக எழுதுங்கள். தமிழ்ப் பிள்ளை கேட்கும் கேள்வி வேறு.

வரும் பள்ளிகளில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். வருவது வரலாற்றுப் பாடத்துக்கு என்று பள்ளிக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள், பாடத்தையும் அப்படியே வையுங்கள். முடிந்தால் பாதையை மதிலுக்கு வெளியேயும் நீட்டுங்கள். புனித ஜார்ஜ் ஆலயத்திலிருந்து நடந்தால் சீனர்களின் கருணை தேவதைக் கோயில், குவீன் தெருவில் 1833இல் எழுந்த ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயம், காதர் முகைதீன் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எல்லாம் வந்துவிடும். ஒரே தெருவழியில் தமிழர்கள் மூன்று விதமாகக் கும்பிட்டிருக்கிறார்கள் என்பதைக் கால்நடையாகக் காட்ட இதைவிட நல்ல இடம் நாட்டில் எனக்குத் தெரியாது.

படி 8: அனுமதிகள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், பதிவுபெற்ற கட்டடக்கலைஞர் இல்லாமல் இதில் இறங்கவே முடியாது. திட்ட அனுமதி பினாங்கு மாநகர் மன்றத்திடம். உலக மரபுப் பகுதிக்குள் இருந்தால் 2016 செப்டம்பரில் அரசிதழில் வந்த சிறப்புப் பகுதித் திட்டம் பொருந்தும், மரபுத் தாக்க மதிப்பீடு கேட்கப்படலாம். ஜார்ஜ்டவுன் உலக மரபு நிறுவனத்தை முதல் கோடு போடும்போதே போய்ப் பாருங்கள், கடைசியில் போனால் எல்லாவற்றையும் திரும்ப வரைய வேண்டியிருக்கும். கோயில் தேசிய மரபாக அறிவிக்கப்பட்டிருந்தால், 2005 தேசிய மரபுச் சட்டத்தின்படி மரபு ஆணையரின் ஒப்புதலும் வேண்டும். தீயணைப்புக்குப் பொம்பா. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் பாருங்கள். பழைய கோயில் நிலங்களில் இது எப்போதும் நேராக இருப்பதில்லை.

படி 9: கட்டும் காலம்

முதல் நாள், முதல் லோரி வருவதற்கு முன்னால், கோயிலின் ஒவ்வொரு விரிசலையும் படம் எடுங்கள். விரிசலின் முனையில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு, பக்கத்தில் தேதி. வாரம் ஒருமுறை யாராவது போய்ப் பார்த்துப் புத்தகத்தில் எழுத வேண்டும். விரிசல் கோட்டைத் தாண்டினால் வேலை நிற்க வேண்டும், இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

அடித்து இறக்கும் பைல் (அடித்தளத் தூண்) கூடவே கூடாது, அதிர்வு பழைய சுண்ணாம்புச் சுவருக்கு ஆகாது. இலேசான ஒருமாடிக் கட்டடத்துக்குப் பைலே தேவைப்படாமல் போகலாம், மண் சோதனை சொல்லும். தேவைப்பட்டால் மைக்ரோபைல், அல்லது அழுத்தி இறக்கும் ஜாக்-இன் பைல், அதுவும் கோயிலிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்று பொறியாளர் கையெழுத்துப் போட்ட பிறகு. பூசை நேரத்தில் வேலை இல்லை. அடக்கப் பூசை முன்கூட்டிச் சொல்லி வராது, ஆகவே பங்கு அலுவலகத்திலிருந்து தளத்துக்கு ஒரு போன் வந்தால் உடனே இயந்திரத்தை அணைக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும்.

தோண்டும்போது எலும்பு கண்டால் கையை எடுத்துவிடுங்கள். போலீசுக்குச் சொல்லுங்கள், பங்குத் தந்தையைக் கூப்பிடுங்கள், துணியால் மூடி வையுங்கள். வேலையாட்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கு இதை முதல் நாளே அவர்கள் மொழியில் சொல்லி வைத்தால், அவர்கள் காட்டும் மரியாதை நம்மைவிட அதிகமாகவே இருக்கும், பார்த்திருக்கிறேன்.

படி 10: திறந்த பிறகு

சாவி யார் கையில் என்பதை எழுதி வையுங்கள். பூசை, திருமணம், அடக்கம் நடக்கும்போது சுற்றுலா நேரம் இல்லை என்பதை வாசலில் போடுங்கள். மையத்துக்குக் கட்டணம் வாங்கலாம். கோயிலுக்குள் போக வாங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். வரும் பணத்தில் முதல் பங்கு இறவாணக் கால்வாயைச் சுத்தம் செய்வதற்கு ஒதுக்குங்கள். கோயிலின் கால்வாயும் சேர்த்துத்தான். ஏணி, கையுறை, வாளி, மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இவ்வளவுதான் வேலை.

ஒப்பந்தக்காரர் குறைகளைச் சரிசெய்து தர வேண்டிய காலம் ஒன்று உண்டு. அது முடிவதற்குள் ஒரு பெருமழை வரும். அன்று வீட்டில் இருக்காதீர்கள். குடையோடு போய், பழைய கோயிலுக்கும் புதிய மையத்துக்கும் நடுவில் நில்லுங்கள். இரண்டு கூரையிலிருந்தும் தண்ணீர் விழுவதைப் பாருங்கள். சரளைக்கல்லில் தேங்குகிறதா, லோங்காங்குக்குள் போகிறதா, கோயில் சுவரில் தெறிக்கிறதா என்று படம் எடுத்துத் தேதி போடுங்கள். நனைந்த செருப்பைத் தாழ்வாரத்தில் விட்டுவிட்டு உள்ளே போய், மூன்றாவது பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்றும் ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள்.